மூன்று ஷிப்டா, நிரந்தர இரவா, ஜெனரலா?

விடை உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது என்பதால், நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறீர்கள், வயது 34. காஞ்சிபுரத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள வாடகை வீட்டில் மனைவி, முதல் வகுப்புப் படிக்கும் மகன், சர்க்கரை நோயுள்ள தாயார் ஆகியோருடன் இருக்கிறீர்கள். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகனும் அவரும் காலை 7.45-க்குக் கிளம்பி மாலை 4.30-க்குத் திரும்புகிறார்கள். இப்போது உங்களுக்கு வாரம் ஒரு ஷிப்ட்: காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் 6. நிர்வாகம் இப்போது உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: இந்தச் சுழற்சியிலேயே இருக்கலாம், ஓர் இரவுக்கு 150 ரூபாய் படியுடன் நிரந்தர இரவுக்குப் போகலாம், அல்லது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 8.30 முதல் 5.30 வரையான ஜெனரல் ஷிப்டுக்குப் படி எதுவும் இல்லாமல் மாறலாம்.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் 22 ஆண்டுகள் உட்கார்ந்து பிறருக்கு ஷிப்ட் சார்ட் போட்டவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். மாதத்திற்கு 1,300 ரூபாய் குறைவதை உங்கள் குடும்பம் தாங்குமானால் ஜெனரலுக்குப் போங்கள். தாங்காதென்றால் சுழற்சியிலேயே இருந்துகொண்டு, அந்தச் சார்ட்டில் ஒரு சிறு திருத்தம் கேட்டுப் பெறுங்கள். நிரந்தர இரவு, தாயாரும் சிறு பையனும் உள்ள வீட்டுக்கு ஏற்றதன்று. அந்த 1,300 ரூபாய்க் கணக்கு இதுதான்: மாதம் 26 வேலை நாள் என்றால், சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு இரவுகளுக்கு இப்போது உங்களுக்குக் கிடைக்கும் படி சராசரியாக 1,300 ரூபாய், நிரந்தர இரவில் அது 3,900 ஆகும். ஆக, ஜெனரலுக்குப் போனால் இழப்பு 1,300, இரவுக்குப் போனால் கூடுதல் 2,600. நீங்கள் தயங்குவது இந்த 2,600 ரூபாய்க்காகத்தான் என்று உங்கள் எழுத்தே சொல்கிறது.

வேலை நேரத்தைப் பஞ்ச் அடிக்கும் நேரத்திலிருந்து கணக்கிடுவது நிர்வாகத்தின் கணக்கு. குடும்பத்தின் கணக்கு, எழுந்த நேரத்தில் தொடங்கி மறுபடி படுத்துத் தூங்கும் நேரத்தில் முடிகிறது. உங்கள் கம்பெனி பஸ் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் முதல் ஷிப்டுக்கு விடியற்காலை 4.40-க்கு நிறுத்தத்தில் நிற்க வேண்டும், பிற்பகல் 3.20-க்கு வீடு. இரண்டாம் ஷிப்டுக்கு 12.40-க்குக் கிளம்பி இரவு 11.20-க்குத் திரும்புவீர்கள். இரவு ஷிப்டுக்கு 8.40-க்குப் போய்க் காலை 7.20-க்கு வருவீர்கள். ஜெனரலில் காலை 7.10, மாலை 6.50. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே உங்களால் நகர்த்த முடியாத நேரங்களை எழுதுங்கள்: மகன் விழித்திருக்கும் நேரம், மனைவி வீட்டில் இல்லாத நேரம், தாயார் மாத்திரையும் உணவும் எடுத்துக்கொள்ளும் நேரம்.

அப்படி எழுதிப் பார்த்தால், தொழிற்சாலையில் எல்லோரும் சொல்லும் வழக்கமான எண்ணங்கள் சில தலைகீழாகிவிடும். இரண்டாம் ஷிப்டை ‘நிம்மதியான ஷிப்ட்’ என்பார்கள். தூக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான், மூன்று ஷிப்டுகளில் மிக நீண்ட தூக்கம் கிடைப்பது அதில்தான் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஆனால் உங்கள் மகன் பள்ளியிலிருந்து வரும்போது நீங்கள் வீட்டில் இல்லை. நீங்கள் வரும்போது அவன் தூங்கிவிட்டான். அந்த வாரம் முழுவதும் அவனுடன் உங்களுக்குக் கிடைப்பது பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்துக்கு நடுவிலான முக்கால் மணி நேரம்தான். இரவு ஷிப்டில் இருப்பவருக்கோ மாலை 4.30 முதல் 8.40 வரை, நான்கு மணி நேரத்துக்கு மேல் பிள்ளையுடன் இருக்க முடிகிறது. பிள்ளைகளைப் பார்க்கவே முடிவதில்லை என்று இரவு ஷிப்டைப் பழிப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. முதல் ஷிப்டில் மாலை முழுவதும் உங்கள் கையில் இருக்கும். ஆனால் 4 மணிக்கு எழ வேண்டுமென்றால் 9 மணிக்காவது படுத்திருக்க வேண்டும். வீட்டில் விளக்கு எரிந்து, தொலைக்காட்சி ஓடி, பையன் வீட்டுப்பாடம் எழுதும் அந்த நேரத்தில் உடலும் தூங்கச் சம்மதிக்காது. ஆகவே முதல் ஷிப்ட்காரர்கள் ஐந்து, ஐந்தரை மணி நேரத் தூக்கத்துடன் வாரத்தைத் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பகலில் கடனை அடைக்கிறார்கள்.

அப்படியென்றால் மகனுடன் இருக்க இரவு ஷிப்டே நல்லதல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று உடல் சார்ந்தது, மற்றொன்று வீடு சார்ந்தது.

உடல் சார்ந்தது இது. மனித உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஓடும் கடிகாரம் இருக்கிறது. அது உயிரணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்யும் சாவி சூரிய வெளிச்சம். விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடலின் வெப்பம் மிகவும் தாழ்ந்து, கவனமும் அத்துடன் தாழ்கிறது. லைனில் தவறுகள் கூடும் நேரமும் அதுதான் என்பதை எந்த இரவு ஷிப்ட் சூப்பர்வைசரும் சொல்வார். தொடர்ந்து இரவிலேயே வேலை செய்தால் உடல் பழகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலோருக்கு அது பழகுவதில்லை. காலை 6 மணிக்கு வெளியே வந்தவுடன் பஸ் ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கும் வெயில் ‘இது பகல்’ என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. வீக் ஆஃப் நாளில் கோயில், கல்யாணம், கடைத்தெரு என்று நீங்களும் பகல் மனிதராகவே மாறிவிடுகிறீர்கள். ஆறு நாளில் கொஞ்சம் நகர்ந்த கடிகாரம் ஏழாம் நாளில் பழைய இடத்துக்கே திரும்புகிறது. ஆகவே நிரந்தர இரவு என்பது முடிவில்லாத முதல் வாரமாகவே நீடிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது’ என்ற 2ஏ பிரிவில் 2007-இல் சேர்த்தது; 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. இதைப் படித்துப் பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் 2,600 ரூபாயை இந்தத் தராசின் மறுதட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் உங்களுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நள்ளிரவு 1 மணிக்குக் கேண்டீன் சாப்பாடும் நான்கு டீயும் அதற்கு உதவப்போவதில்லை.

வீடு சார்ந்த விடை இன்னும் கூர்மையானது. பகலில் வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவர் என்று நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. காஸ் சிலிண்டர் வந்தால் கதவைத் திறப்பவர், ரேஷன் கடைக்குப் போய் விரல் வைப்பவர், மின்கட்டணப் பிரச்சினைக்கு அலைபவர், வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனைக்குத் தாயாரைக் கூட்டிச் செல்பவர் என எல்லாம் அவரே ஆகிவிடுவார், ஏனென்றால் மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலைதான். ஆனால் ஒவ்வொன்றும் தூக்கத்தின் நடுவில் விழுகிறது. உங்கள் வீட்டில் பகலில் நீங்களும் தாயாரும் மட்டுமே இருப்பீர்கள் என்பதால், அவர் கூப்பிட்டால் எழாமல் இருக்க உங்களால் முடியாது, முடியவும் கூடாது. இதற்கு மேல், மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையில், அக்னி நட்சத்திர நாட்களில், காலை 8.30-க்குப் படுத்தால் 11 மணிக்கு மேல் அந்த அறையில் யாராலும் தூங்க முடியாது. ஆடி மாதத்து ஒலிபெருக்கியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இரவு ஷிப்ட் நன்றாக ஒத்துப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆறு இளைஞர்கள் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள்; ஆறு பேரும் ஒரே ஷிப்ட். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வாசலுக்குப் பூட்டு, காலை 8 மணிக்கு அந்த அறைக்கு நள்ளிரவு. அவர்கள் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் திருமணமாகித் தனி வீடு போன நான்காம் மாதமே ஷிப்ட் மாற்றம் கேட்டு என் மேசைக்கு வந்துவிட்டார். உடம்பு அதே உடம்புதான். மாறியது வீட்டின் கடிகாரம்.

இனி, ஜெனரல் உங்களால் முடியாது என்று வைத்துக்கொண்டு சுழற்சியைப் பார்ப்போம். இங்கேதான் தொழிலாளர்கள் கேட்கத் தெரியாமல் பலவற்றை விட்டுவிடுகிறார்கள். ஷிப்ட் சுழலும் திசை முன்னோக்கி இருக்கலாம், அதாவது காலை, மதியம், இரவு. அல்லது பின்னோக்கி, இரவு, மதியம், காலை என்று இருக்கலாம். நம் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுவதால், தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். ஆகவே முன்னோக்கிய சுழற்சியே உடலுக்கு இதமானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் உப்பு, கனிமத் தொழிற்சாலையில் நடந்து 1982-இல் வெளியான ஆய்வில், பின்னோக்கி வாரம் ஒருமுறை மாறிய ஷிப்டை முன்னோக்கி மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றியபோது தொழிலாளரின் மனநிறைவும் உற்பத்தியும் உயர்ந்தன.

ஆனால் முன்னோக்கிய சுழற்சியில் ஒரு முடிச்சு இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை ஆறு ஷிப்ட் என்று வழக்கமாகப் போட்டால், முதல் ஷிப்டிலிருந்து இரண்டாம் ஷிப்டுக்கு மாறும்போது 48 மணி நேர இடைவெளி கிடைக்கும், இரண்டாவதிலிருந்து இரவுக்கு மாறும்போதும் 48 மணி நேரம் கிடைக்கும். இரவிலிருந்து முதல் ஷிப்டுக்கு மாறும்போதோ, சனி இரவு போனவர் ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே வந்து திங்கள் காலை 6 மணிக்கு உள்ளே வர வேண்டும். வெறும் 24 மணி நேரம். அந்த ஞாயிறு விடுமுறை என்று தாளில் இருக்கும், வாழ்க்கையில் இருக்காது: பகலெல்லாம் தூங்கினால் இரவில் தூக்கம் வராது, பகலில் விழித்திருந்தால் திங்கட்கிழமை இயந்திரத்தின் முன்னே கண் சொருகும். இதற்கு நான் கண்ட எளிய தீர்வு, இரவு வாரத்தைத் திங்களுக்குப் பதில் ஞாயிறு இரவே தொடங்குவது. அப்போது சனி இரவு 10 மணிக்கு இரண்டாம் ஷிப்டை முடித்தவர் ஞாயிறு இரவு 10 மணிக்கு வருகிறார். அந்த 24 மணி நேரத்துக்குள் சனி இரவுத் தூக்கம் முழுதாக அடங்கிவிடுகிறது, ஞாயிறு மாலை இன்னும் ஒன்றரை மணி நேரம் படுத்தும் எழலாம். வாரக் கடைசியில் சனி காலை 6 மணிக்கு வெளியே வந்தால் திங்கள் காலை வரை 48 மணி நேரம், இரண்டு முழு இரவுகள் வீட்டில். மொத்த மணி நேரத்தில் எந்த மாற்றமும் இல்லை. நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. எங்கள் தொழிற்சாலையில் இதைச் செய்ய வைக்க எனக்கு ஓராண்டு பிடித்தது, காரணம் ‘எப்போதும் திங்கள்தான்’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரவு வாரத்தின் முதல் நாளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். காலை 7 மணிக்கு எழுந்து பகலெல்லாம் விழித்திருந்து இரவு வேலைக்குப் போகிறவர், மறுநாள் காலை 6 மணிக்கு 23 மணி நேரமாக விழித்திருப்பார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கும், 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீத நிலைக்கும் இறங்குகிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம். ஆகவே பஸ்ஸைத் தவறவிட்டாலும், சீக்கிரம் வீடு போக ஆசைப்பட்டாலும், அந்தக் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வராதீர்கள்.

ஜெனரலின் குறைகளையும் மறைக்கக் கூடாது. மேலே எழுதிய நான்கு ஷிப்டுகளில் மிக நீண்ட நேரம் வீட்டைவிட்டு வெளியே இருப்பது இதில்தான்: 11 மணி 40 நிமிடம். வங்கி, மருத்துவமனை, பள்ளிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் விடுப்பு எடுக்க வேண்டும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேரும் ஈட்டிய விடுப்பு இப்படி அரை அரை நாளாகக் கரையும். ஓ.டி. எனப்படும் கூடுதல் நேரப் பணி வாய்ப்பும் குறைவு. எதிர்ப்பக்கத்தில், மாலை 6.50 முதல் 9.30 வரை மகனும் மனைவியும் தாயாரும் நீங்களும் ஒரே நேரத்தில் விழித்திருப்பீர்கள், அதுவும் 52 வாரமும். சுழற்சியில் இது மூன்றில் ஒரு வாரம்தான் முழுதாகக் கிடைக்கிறது. இன்னொன்று, தரக்கட்டுப்பாட்டில் கற்கும் அளவீட்டு வேலை வேறு தொழிற்சாலைக்கும் கொண்டுபோகக் கூடிய கைத்தொழில். லைனில் ஒன்பது ஆண்டு நின்றவருக்கு அது சிறிய விஷயமன்று.

நாளுக்கு 12 மணி நேரம், வாரம் நான்கு நாள் என்ற பேச்சும் உங்கள் தொழிற்சாலையில் உண்டு என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். இதற்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். மூன்று நாள் ஓய்வு கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் உங்கள் பயணத்தையும் சேர்த்தால் அந்த நான்கு நாளும் பதினான்கரை மணி நேர நாட்களாகும், தூக்கத்துக்கும் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் மிஞ்சுவது ஒன்பதரை மணி நேரம்தான். திருப்பூரில் 12 மணி நேரத்தை ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று எண்ணிக் கூலி வாங்கிய தையல் தொழிலாளர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். அவர்களுக்கு நான்கு நாளில் முடிவதில்லை என்பது வேறு கதை.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரவுப் படியை நம்பிக் கடன் தவணை எதையும் ஏற்காதீர்கள். உற்பத்தி குறைந்து இரவு ஷிப்டை நிறுத்தினால் படி அன்றே நின்றுவிடும், தவணை நிற்காது. ஏற்கெனவே தவணை ஓடுகிறதென்றால், அது முடியும் மாதத்தைப் பார்த்து, அதுவரை சுழற்சியில் இருந்துவிட்டுப் பிறகு ஜெனரல் கேட்பது நியாயமான வழி. கூடுதல் நேரப் பணிக்கு இரட்டிப்பு ஊதியம், வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற இரண்டும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலும் இருந்தன, அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன. எந்த ஷிப்டைத் தேர்ந்தெடுத்தாலும் இவற்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

முடிவெடுப்பதற்கு முன் மனைவியுடன் உட்கார்ந்து அந்தத் தாளைப் பாருங்கள். குறிப்பாக அவர் பள்ளிக்குக் கிளம்பும் காலை வேளையில் எந்த ஷிப்ட் அவருக்கு உதவுகிறது, எது சுமையைக் கூட்டுகிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய நீண்ட கேள்வியில் அவருடைய கருத்து ஓரிடத்திலும் இல்லை.

பிறகு நிர்வாகத்துக்கு வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். ஜெனரல் கேட்பதானால், மூன்று மாதம் சோதனை முறையில் மாறுவதாகவும், பணிமூப்பும் தற்போதைய கிரேடும் மாறாமல் இருக்க வேண்டும் என்றும், ஒத்துவராவிட்டால் பழைய பிரிவுக்கே திரும்ப அனுமதிக்க வேண்டும் என்றும் மூன்று வரிகள் போதும். சுழற்சியில் நீடிப்பதானால், இரவு வாரத்தை ஞாயிறு இரவு தொடங்கும்படி மேலே சொன்ன கணக்கை அப்படியே எழுதி, உங்கள் ஷிப்டில் உள்ள மற்றவர்களின் கையெழுத்தையும் வாங்கிக் கொடுங்கள். தனி ஒருவருக்காகச் சார்ட்டை மாற்றத் தயங்கும் டைம் ஆபீஸ், இருபது கையெழுத்துக்குப் பேனாவை எடுக்கும். எதைக் கொடுத்தாலும், பெற்றுக்கொண்டதற்கான தேதியும் முத்திரையும் உங்கள் பிரதியில் இருக்கட்டும்.